'பணியிடம்: சென்னை' என்று எழுதுகிறவர்களுக்கு

சென்னைக்கு ஆள் எடுக்கும் மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம்.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன் செய்தாள். இந்த வருடம்தான் கல்லூரி முடித்தாள், முதல் வேலை. வந்த ஆஃபர் லெட்டரை அப்படியே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ஏழு பக்கம். சம்பளத்தைப் பிரித்துப் பிரித்து ஒன்றரைப் பக்கத்துக்கு ஓர் அட்டவணை. வேலையை விட்டால் எத்தனை நாள் நோட்டீஸ், லேப்டாப் தொலைந்தால் யார் பொறுப்பு, ஆபீஸ் விஷயங்களில் எதையெல்லாம் வெளியே பேசக்கூடாது என்று எல்லாம் விலாவாரியாக இருந்தது. பணியிடம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரே ஒரு சொல்: சென்னை.

"அக்கா, வீடு எங்கன பாக்கணும்? தாம்பரத்துல அப்பாவுக்குத் தெரிஞ்சவுக வீடு ஒண்ணு காலியாகுதாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் குடுக்கணும்னு சொல்லுதாக."

"ஆபீஸ் எங்கட்டீ?"

"சென்னைன்னுதான் போட்டிருக்கு."

மெயில் அனுப்பிக் கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறாள். 'பணியில் சேரும் நாளன்று தெரிவிக்கப்படும்' என்று ஒரு வரி பதில் வந்ததாம்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். இது எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியாக எழுதியதல்ல. பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், மூன்று கம்பெனி பார்த்துவிட்டேன். மூன்று கடிதத்திலும் அந்தக் கட்டத்தில் அதே ஒரு சொல்தான் இருந்தது.

உங்களுக்குச் சென்னை என்பது கணினியில் ஓர் ஊரின் பெயர். ஆள் எந்த ஊர்க் கணக்கில் வருகிறார் என்று பார்க்க அது போதும். வீடு பார்க்கிறவருக்கு அது போதாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சென்னைதான், ராமாபுரமும் சென்னைதான், கிண்டி, தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி சிப்காட், செங்கல்பட்டை ஒட்டிய பரனூர் எல்லாமே உங்கள் கடிதத்தில் சென்னைதான். அம்பத்தூருக்கும் பரனூருக்கும் நடுவில் ஏறக்குறைய கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம். 'உங்கள் வேலை கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும், வந்து சேருங்கள், அன்றைக்குச் சொல்கிறோம்' என்று எழுதினால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சென்னை என்று எழுதும்போது மட்டும் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை, ஏனென்றால் இங்கே வந்து இறங்கும் வரை யாருக்கும் தெரியாது.

எனக்கும் தெரியாது. 2014-இல் வந்தேன். சித்தி அப்போது குரோம்பேட்டையில் இருந்தார். மகளை வெளியூருக்கு அனுப்பும் தகப்பனுக்கு ஊரின் வரைபடம் என்றால் அது சொந்தக்காரர் வீடுதான். சித்தி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு சின்ன வீடு. வாடகை 7,500 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம், அன்றைய சென்னை வழக்கப்படி. 75,000 ரூபாய்க்காக அம்மாவின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. புரோக்கருக்குத் தனியாக ஒரு மாத வாடகை. பால் காய்ச்சிய அன்று அப்பா மொட்டை மாடியில் நின்று மின்சார ரயில் போவதைப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன் ஏழு நிமிஷ நடை. இனி என்ன கவலை" என்றார்.

வேலையில் சேர்ந்த அன்று மத்தியானம், அடையாள அட்டைக்குப் படம் எடுத்த பிறகு, ஒருவர் வந்து பட்டியல் வாசித்தார். என் பெயருக்கு நேரே சிறுசேரி.

குரோம்பேட்டையிலிருந்து சிறுசேரிக்கு ரயில் கிடையாது. கம்பெனி பஸ் காலை 6:40-க்கு ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோட்டுக்கு வரும். 6:41-க்குப் போனால் வாலைத்தான் பார்க்கலாம். பல்லாவரத்தில் திரும்பி, ரேடியல் ரோடு முழுக்கக் கடந்து, துரைப்பாக்கத்தில் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்து, அங்கிருந்து தெற்கே ஒவ்வொரு சிக்னலாக நின்று நின்று போக வேண்டும். ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். இறங்கும்போது கண்ணாடியின் ரப்பர் பட்டை நெற்றியில் கோடாகப் பதிந்திருக்கும், பத்தரை மணி மீட்டிங் வரை போகாது. பெருங்குடிக் குப்பைமேட்டின் வாடை உள்ளே வந்ததும் பக்கத்து சீட் அக்கா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டே, "பாதி தூரம் வந்தாச்சு" என்பார். எங்களுக்கு அதுதான் மைல்கல். போக ஒரு மணி நாற்பது நிமிடம், வர ஒரு மணி நாற்பது நிமிடம். மாதம் 22 நாளுக்குக் கணக்குப் போட்டால் 73 மணி நேரம் வருகிறது. மூன்று முழு நாளை, இறங்காமல் கொள்ளாமல், பஸ்ஸிலேயே உட்கார்ந்து கழிப்பதற்குச் சமம். மழை நாளை இதில் சேர்க்கவில்லை.

எட்டாம் மாதம் வீட்டைக் காலி செய்தேன். பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார் வீட்டுக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது, எல்லோரும் செய்வதுதான். நாவலூரில் இரண்டு பெண்களோடு சேர்ந்து வீடு எடுத்தேன். ஆபீசுக்குப் பத்து நிமிடம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போகலாம் போல இருந்தது. மூன்று மாதம் நன்றாக இருந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. எங்கள் குழு திங்கள்கிழமை முதல் தரமணிக் கட்டடத்தில் உட்காரும்.

வாடகை ஒப்பந்தம் என்ற தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு முகவரிச் சான்றாக உங்களிடம் அதைத்தான் கொடுக்கிறோம். அதில் 11 மாதம் என்று இருக்கும். எங்களைக் கையெழுத்து போட வைத்து, பத்து மாத வாடகையையோ ஐந்து மாத வாடகையையோ முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு இடத்தில் கட்டிப் போடும் தாள் அது. மூன்று நாளில் ஆளை 15 கிலோமீட்டர் தள்ளி உட்கார வைக்க உங்களால் முடியும். எங்களால் மூன்று நாளில் வீடு மாற்ற முடியாது. நீங்கள் எங்களிடம் கேட்கும் நோட்டீஸ் அறுபது நாள், தொண்ணூறு நாள். எங்களுக்குத் தருவது ஒரு வாரக் கடைசி.

இந்த இரண்டு அடிக்குப் பிறகு ஊர்க்காரர்களுக்கு வீடு பார்த்துச் சொல்வது என் உபதொழில் ஆகிவிட்டது. பகலில் சாப்ட்வேரைச் சோதிக்கிறேன், ராத்திரியில் வீட்டைச் சோதிக்கிறேன். ஊர்ப்பிள்ளைகளுக்கு நான் சொல்வதில் சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பலர் வேளச்சேரியிலோ அடையாறிலோ பிறந்து வளர்ந்தவர்கள், புதிதாக வருகிறவருக்கு எது தெரியாது என்பது உங்களுக்குத் தோன்றாது.

முதலில் தூரம். எங்கள் ஊரிலிருந்து சாத்தூர் இருபது சொச்சம் கிலோமீட்டர். அரை மணியில் போய்விடுவோம். அதே கணக்கோடு வருகிற தகப்பனார் மேடவாக்கத்துக்கும் சிறுசேரிக்கும் நடுவில் விரலை வைத்து அளந்து, "பக்கம்தான்" என்கிறார். போன் வரைபடமும் ஆமாம் என்கிறது, ஏனென்றால் அவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு. செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு ஒரே ஒரு வேலை நாளில், வேலைக்குப் போகும் நேரத்தில், அந்த வீட்டிலிருந்து ஆபீஸ் கேட் வரை போய்ப் பார்த்துவிடு என்பதுதான் நான் சொல்லும் முதல் விதி. ஆனால் எந்த கேட்?

அடுத்தது பெயர்கள். தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலில் பெருங்குடி என்று ஒரு நிலையம் இருக்கிறது. பெருங்குடியில் ஆபீஸ் என்று கேள்விப்பட்டு அங்கே இறங்குகிறவர் வேளச்சேரிப் பக்கம் நிற்பார், ஓ.எம்.ஆர். பெருங்குடிக்கு அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். டைடல் பார்க்குக்குப் போகிறவர் இறங்க வேண்டியது தரமணி நிலையம் இல்லை, திருவான்மியூர் நிலையம், இறங்கினால் கட்டடம் கண்ணெதிரே. விளம்பரத்தில் 'ஓ.எம்.ஆரிலிருந்து 10 நிமிடம்' என்று வந்தால், அது யாரும் எழுந்திருக்காத காலை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம். வேளச்சேரி என்று போட்டிருந்தால் பாதி நேரம் பள்ளிக்கரணை.

பள்ளிக்கரணை என்றதும் மழை. அது ஊராவதற்கு முன்பு சதுப்பு நிலம், மிச்சமிருக்கும் பகுதி 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் கடலுக்கு வழி தேடும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் அங்கே யாரிடம் கேட்டாலும் தேதியோடு சொல்வார்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதே, அவர் 'எங்க தெருவுல நிக்காது' என்பார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேள், வண்டியை எந்தத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார் என்று சொல்வார். மின்சார மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார். தலைக்கு மேலே, ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கும் உயரத்தில் வைத்திருந்தால் அந்தக் கட்டடம் ஒரு வெள்ளத்தைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். இது நானாகக் கண்டுபிடித்த குறி. இதுவரை பொய்த்ததில்லை.

தண்ணீர் இன்னொரு பாடு. நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்துப் பஞ்சாயத்துகள். பல குடியிருப்புகளுக்கு லாரித் தண்ணீர்தான். 15,000 வாடகை என்று சந்தோஷப்பட்டு வந்தால், கோடையில் மெயின்டனன்ஸ் கணக்கில் லாரிக் காசு ஏறும். 2019 கோடையில் ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, ஆபீஸ் கழிவறைக்குத் தண்ணீர் இல்லாமல் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மெயிலை எழுதியது நீங்கள்தானே. வீட்டிலும் தண்ணீர் இல்லை என்று நாங்கள் பதில் எழுதவில்லை.

மெட்ரோவைப் பற்றி ஒரு வரி. மாதவரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை வரப்போகும் தடத்துக்குத் தூண் தூணாக வேலை நடக்கிறது. இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். நல்லது, வரட்டும். ஆனால் புரோக்கர்கள் அந்தத் தூண்களைக் காட்டி இன்றைக்கே வாடகையை ஏற்றுகிறார்கள். 11 மாத ஒப்பந்தக்காரர் ஓடாத ரயிலுக்கு வாடகை கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். ஆனால் நான் சொல்லும் எதுவும் ஆபீஸ் எங்கே என்று தெரியாமல் உதவாது. அந்தத் தாம்பரத்து வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை கிண்டியில் என்றால் அந்த வீடு தங்கம். மின்சார ரயிலில் அரை மணி, நெரிசலில் நின்றுகொண்டு போனாலும் நேரம் தவறாது, சீசன் டிக்கெட் எடுத்தால் மாதச் செலவு ஒரு பிரியாணிக் காசு. பரனூர் என்றாலும் கவலையில்லை, அதே தடம்தான், எதிர்த் திசையில் கூட்டம்கூடக் குறைவு. சிறுசேரி என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டைச் சுற்றி வர வேண்டும், அவள் எனக்கு இரண்டாம் பதிப்பு. அம்பத்தூர் என்றால் தாம்பரத்தை மறந்துவிட்டு ஆவடித் தடத்தில் பார்க்க வேண்டும். தரமணி என்றால் பறக்கும் ரயில் போகும் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் விடுதி பார்த்துவிடலாம், வாடகை கூடத்தான், ஆனால் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். ராமாபுரம் என்றால் முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நந்தம்பாக்கம், போரூர், வளசரவாக்கம் என்று யோசிக்க வேண்டும். ஒரே பெண், ஒரே சம்பளம், ஒரே வீடு. நீங்கள் ஜாயினிங் அன்று மத்தியானம் வாசிக்கப் போகும் பட்டியலைப் பொறுத்து அது தங்கமாகவும் ஆகும், தண்டமாகவும் ஆகும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் தெரியும். புராஜெக்ட் ஒதுக்கிய பிறகுதான் கட்டடம் தெரியும், வாடிக்கையாளர் எந்த நேரம் என்ன கேட்பார் என்று எங்களுக்கே தெரியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். முழுதாகத் தெரியாதுதான். ஆனால் உங்களுக்குச் சென்னையில் எத்தனை கட்டடம்? இரண்டு, மிஞ்சினால் மூன்று. அந்த மூன்றின் முகவரியை எழுதிவிட்டு, 'இவற்றில் ஒன்று, பெரும்பாலும் இது' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? பயிற்சி எங்கே என்பது நிச்சயமாகத் தெரியும், முதல் இரண்டு மாதம் அங்கேதான். அதையாவது எழுதலாம். எதுவுமே தெரியாவிட்டால், 'கட்டடம் முடிவாகவில்லை, அதுவரை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்' என்று அதையே தடித்த எழுத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியம் 2014-இல் என் கடிதத்தில் இருந்திருந்தால் அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

அதோடு கம்பெனி பஸ் வழித்தடப் பட்டியலையும் அனுப்புங்கள். எந்த ஸ்டாப்பிங், காலையில் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரு எக்செல் இருக்கிறது. சேர்ந்த பிறகு உள்ளே நுழைந்து தேடினால் கிடைக்கும். வீடு பார்க்கத் தேவைப்படும் காகிதத்தை வீடு பார்த்து முடித்தவருக்குத்தான் காட்டுகிறீர்கள். ராத்திரி ஷிப்டுக்கு விடும் கேப் வண்டியும் அப்படித்தான். பெண்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வேலை பார்க்க எழுத்தில் சம்மதம் வேண்டும், போக்குவரத்து ஏற்பாடு வேண்டும் என்று அரசாணையே இருக்கிறது, நீங்களும் வண்டி விடுகிறீர்கள். ஆனால் பல இடங்களில் அந்த வண்டிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு ஒரு தெரு வெளியே வீடெடுத்தவளுக்கு அது முதல் ராத்திரி ஷிப்டில்தான் தெரியவரும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் மாதக்கணக்கில் ராத்திரி ஒன்றரை மணிக்கு மெயின் ரோட்டில் இறங்கி, அண்ணன் பைக்கில் வந்து கூட்டிப் போகும் வரை மூடிய டீக்கடை வாசலில் நிற்பாள். எல்லையைக் காட்டும் ஒரு படம் முன்பே அவள் கையில் இருந்திருந்தால், வீட்டை நானூறு மீட்டர் இந்தப் பக்கம் பார்த்திருப்பாள்.

எத்தனை நாள் ஆபீஸ் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். வாரம் இரண்டு நாள் என்று நேர்முகத்தில் சொன்னதை நம்பிக் கூடுவாஞ்சேரியில் வீடெடுத்த தம்பிகளை எனக்குத் தெரியும். இரண்டு, மூன்றாகி, மூன்று, ஐந்தாகிவிட்டது. இரண்டு நாளுக்குத் தாங்கும் தூரம் ஐந்து நாளுக்குத் தாங்காது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2017-இல் ஒரு சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் செய்துகொள்ளலாம் என்ற ஒரு வாசலும் அதிலேயே இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் சென்னை முழுக்கப் போய் வருகிறது. ஐந்து மாதம் கேட்டால் நல்ல மனிதர், ஆறு என்றால் சாதாரணம், பத்து கேட்கிறவர் இன்னமும் இருக்கிறார். முதல் சம்பளம் வருவதற்கு முன்பு இந்தப் பணத்தைப் புரட்ட வேண்டியவர், உங்கள் பட்டியலிலேயே மிகக் குறைந்த சம்பளக்காரர்.

வேறு ஊர்க் கிளையிலிருந்து மாற்றலாகி வரும் மேலாளருக்கு என்ன செய்கிறீர்கள் என்று பார்த்திருக்கிறேன். ஆபீசுக்குப் பக்கத்தில் பதினைந்து நாள் ஓட்டல் அறை, சாமான் ஏற்றி வர லாரிச் செலவு, வீடு பார்க்க விடுப்பு, சில சமயம் கூடவே போய் வீடு காட்ட ஓர் ஆள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு வேண்டியதுதான். ஆனால் இந்த ஊரை ஏற்கெனவே நாலு தடவை வந்து பார்த்த அவருக்கு பதினைந்து நாள், எழும்பூர் எந்தப் பக்கம் என்று தெரியாத இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள்கூட இல்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு ஜாயினிங் போனஸ் என்று ஒரு தொகை தருகிறீர்கள், அதுவும் பல சமயம் மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. அதற்குப் பதிலாக முதல் மாதம் ஆபீசுக்குப் பக்கத்து பி.ஜி. விடுதிகளில் பத்துக் கட்டில் பிடித்துக் கொடுங்கள். ஒரு மாதம் அங்கே தங்கினால், கேன்டீனில் கூட உட்காருகிறவர்களிடம் விசாரித்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த ஷேர் ஆட்டோ எந்த முனையில் நிற்கும் என்று அவர்களே தெரிந்துகொள்வார்கள், எனக்குப் போன் வராது. அட்வான்ஸுக்கு வட்டியில்லா முன்பணம் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும் உங்களுக்குப் பெரிய காரியமில்லை. அப்படிச் செய்யும் இடத்தில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த முன்பணத்தைக் கட்டி முடிக்கும் வரை ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. உங்கள் கணக்குப் பிரிவுக்குச் சொல்ல வேண்டுமானால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஆளை இடம் மாற்றும் விஷயத்தில் நான் கேட்பது கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். கட்டடம் மாற்றுகிறீர்கள் என்றால், 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போகிறவருக்கு மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். முடியாதென்றால் அந்த மூன்று மாதமும் பழைய கட்டடத்திலேயே ஒரு நாற்காலி கொடுங்கள். குழுவில் பாதிப் பேர் எப்படியும் வேறு ஊரில் உட்கார்ந்து திரையில்தான் பேசுகிறார்கள், சிறுசேரியில் ஒரு ஆள் கூடுதலாகத் திரைக்குள் வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நான் தரமணிக்குப் போன முதல் வாரத்தில் என் குழுவில் என்னோடு பேசிய ஒரே ஆள் காபி மெஷினை நிரப்ப வருகிறவர்தான். மற்ற எல்லோரும் புனேயில் இருந்தார்கள்.

இந்த ஊரைப் பற்றிக் குறையாகவே எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. அப்படியில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கேளம்பாக்கம் போகும் 102-ஆம் நம்பர் பஸ்ஸில் தனியாக ஏறியிருக்கிறேன், கண்டக்டர் 'எங்கம்மா இறங்கணும், சொல்லு, நிறுத்துறேன்' என்று கேட்டு என் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். 2021-இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசே கிடையாது, மாதக் கடைசியில் அதன் அருமை தெரியும். இப்போது நான் இருக்கும் வீடு திருவான்மியூரில். ஆபீசுக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம். அந்த நடைக்கு வந்து சேர எனக்கு ஆறு வருடமும் நாலு வீடும் ஆயின. ஊரில் வழி கேட்டால் முகவரி மட்டும் சொல்லி அனுப்பமாட்டார்கள், தெருமுனை வரை கூட வந்து கை காட்டிவிட்டுப் போவார்கள். உங்களிடம் நான் முகவரியை மட்டும்தான் கேட்கிறேன்.

கோவில்பட்டிப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் இன்னும் இரண்டு வாரத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வருகிறாள். விடியற்காலை தாம்பரத்தில் இறங்கச் சொல்வதா, எழும்பூர் வரை வரச் சொல்வதா என்று நான் இன்னும் சொல்லவில்லை. தாம்பரத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். டோக்கன் அட்வான்ஸ் 10,000 ரூபாய், வேண்டாமென்றால் திரும்பத் தரமாட்டார். அவள் அப்பா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு, கடையைச் சாத்திவிட்டு, எனக்குப் போன் செய்து "ஏதும் தெரிஞ்சுச்சாம்மா?" என்று கேட்கிறார்.

உங்களில் யார் அந்தக் கடிதத்தை அனுப்பினீர்களோ, சனிக்கிழமைக்குள் அவளுக்கு ஒரு மெயில் போடுங்கள். வணக்கம், வாழ்த்து, நிறுவனத்தின் வரலாறு எதுவும் வேண்டாம். எந்தக் கட்டடம், எந்த கேட், முதல் நாள் எத்தனை மணி. அவ்வளவுதான்.

இப்படிக்கு,
சிறுசேரி பஸ்ஸில் எட்டு மாதம் தூங்கியவள்,
திருவான்மியூர்